பதினாறு தயிர் டப்பா

பதினாறு தயிர் டப்பாக்களையும் நூஃபா மூன்றாவது முறையாகக் கழுவினாள். இரண்டாவது முறையே பளிச்சென்று ஆகிவிட்டன. ஆனால் நாளைக்குச் சல்ட் ஊரிலிருந்து இன்ஜினியர் வருகிறான். டப்பாவைக் கையில் எடுப்பான், உள்ளே எட்டிப் பார்ப்பான். அடியில் ஒரு பொட்டுத் தயிர் ஒட்டியிருந்தால் யாருக்கு அவமானம்? அண்ணன் முத்லக்குக்கா? அவன் ஆம்பளை, அவனை யார் கேட்கப் போகிறார்கள்!

பதினாறும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான் அந்த இன்ஜினியர் தைசீர். அதற்காக முத்லக்கின் பிள்ளைகள் ஐந்து பேரும் மூன்று நாள் முழுக்கத் தயிராகவே தின்றார்கள். இரண்டாம் நாளுக்குப் பிறகு தயிர் என்றாலே வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். முத்லக்கின் மனைவி ஃபித்தா ஆளுக்கொரு அதட்டல் போட்டு உட்காரவைத்து ஊட்டினாள்.

எல்லாம் எதற்கு? ஒரு வாய்ச்சண்டைக்கு.

தைர் அல்லாவிலிருந்து ஆற்றைப் பார்த்து இறங்குகிற சரிவில் அவர்களுடைய அப்பா விட்டுப்போன நிலம் பதினெட்டு தூனம், ஏறக்குறைய நாலரை ஏக்கர். மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்று முறைப்படி பிரித்ததில் முத்லக்குக்குப் பன்னிரண்டு, நூஃபாவுக்கு ஆறு. குட்டையும் மோட்டாரும் இருக்கிற மேல்பக்கம் அண்ணனுக்குப் போயிற்று. கீழ்பக்கம் தங்கைக்கு. நிலத்தைப் பிரிக்கலாம், சொட்டுநீர்க் குழாயை எப்படிப் பிரிப்பது? தொண்ணூறு மீட்டர் நீளத்துக்கு மேலிருந்து கீழே ஓடுகிற கறுப்புக் குழாய்கள். முதல் அறுபது மீட்டர் முத்லக்கின் குடைமிளகாய்க்குச் சொட்டும். மிச்சம் மீதி இருந்தால் கடைசி முப்பது மீட்டர் நூஃபாவின் குடைமிளகாய்க்குச் சொட்டும்.

மிச்சம் மீதிதான் பிரச்சினை. நாலு வருஷமாக முத்லக்கின் செடி இடுப்புயரம், நூஃபாவின் செடி முழங்கால். அவன் செடியில் காய் தொங்கும்போது இவள் செடியில் பூ உதிரும். போன வியாழக்கிழமை தண்ணீர்ச் சங்கத்து ஆளாக வந்த தைசீர் வரப்பில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் முத்லக் வாயைத் திறந்தான்.

"இன்ஜினியர், நீங்களே பாருங்க. ஒரே மண்ணு, ஒரே மோட்டாரு, ஒரே குழாயி. என் பக்கம் காடு மாதிரி நிக்குது. அவ பக்கம் வழுக்கைத் தலை. இவளுக்கு வெள்ளாமை கைக்கு வரல, அவ்வளவுதான்."

"தண்ணி வந்தா வெள்ளாமையும் வரும்," என்றாள் நூஃபா.

"தண்ணிக்கு ஆளு தெரியுமா? இது அண்ணன், இது தங்கச்சின்னு பாத்தா சொட்டுது?"

"தண்ணிக்குத் தெரியாதுண்ணே. உனக்குத் தெரியும்."

"கேட்டீங்களா இன்ஜினியர், பேச்சைக் கேட்டீங்களா? ஆறு வருஷத்துக்கு முன்னாடி கரக்குல புருஷன் வீட்ல இருந்து ஒரு பெட்டியோட வந்து நின்னா. உள்ள வான்னு கூப்பிட்டேன். அந்த ஆறு தூனத்தை என்கிட்ட குத்தகைக்கு விட்டுட்டு நிழல்ல உக்காந்து சாப்பிடுடின்னு தலப்பாடா அடிச்சுக்கறேன்."

தைசீர் டீ டம்ளரைக் கீழே வைத்தான். முப்பது வயதுக்காரன், வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வயலுக்கு வருகிற ஆள். "ஏன் சண்டை? அளந்து பாத்துடலாமே. பதினாறு எடத்துல டப்பா வெச்சு, ரெண்டு நிமிஷம் சொட்ட விட்டு அளந்தா தெரிஞ்சுடும். நான் சராசரியை மட்டும் பாக்கறதில்ல. இருக்கறதுலயே குறைச்சலா வாங்கின நாலு டப்பாவோட சராசரியைத் தனியா எடுத்து, மொத்தச் சராசரியோட ஒப்பிடுவேன். எல்லாருக்கும் சமம்னா நூறு. எண்பதுக்கு மேல வந்தா குழாய் நல்ல குழாய். கீழ வந்தா குழாய் மேலதான் தப்பு."

ஏழை நாலு பேரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கிற கணக்கு நூஃபாவுக்கு உடனே பிடித்துப்போயிற்று. வாய் தன்பாட்டில் பேசிவிட்டது.

"எண்பதுக்கு மேல வந்தா பத்து வருஷத்துக்கு என் நிலம் உனக்கு. கீழ வந்தா எனக்குத் தனிக் குழாய், தனி வால்வு, குட்டையில தனி முறை. சம்மதமா?"

"சம்மதம்! அல்லா மேல சத்தியம்!" என்று முத்லக் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். மூன்றாம் மனிதன் முன்னால் கை குலுக்கினால் குலுக்கியதுதான். அந்த வட்டாரத்தில் அதற்குமேல் பத்திரம் வேண்டாம்.

அந்த ஆறு தூனம் நூஃபாவுக்கு என்ன என்று முத்லக்குக்குப் புரியாது. வீட்டில் அவளுக்குச் சோறு உண்டு, படுக்கை உண்டு, ஃபித்தா அண்ணி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் வீட்டில் அவள் விருந்தாளி. கீழ்வயலில் குனிந்து களை பிடுங்கும்போது மட்டும்தான் அவள் யாருக்கும் விருந்தாளி இல்லை. அதைக் கொண்டுபோய்ப் பந்தயத்தில் வைத்துவிட்டாள், பைத்தியக்காரி. ஆனால் அவளுக்குத் துளிகூடச் சந்தேகமில்லை. தன் பக்கம் தண்ணீர் வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். நாளைக்கு ஊருக்கே தெரியும்.

டப்பாக்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு வயலைப் பார்க்கப் போனாள். நாளைக்கு விருந்தாளி வருகிற இடம். களை இல்லை, வரப்பு பெருக்கியாயிற்று, கிழிந்த பிளாஸ்டிக் தாள்களைப் பொறுக்கியாயிற்று. குழாய்களின் கடைசி முனைக்கு வந்ததும்தான் அவளுக்கு முகம் கருத்தது.

நாற்பது குழாய்களின் முனைகளும் மடித்துக் கம்பியால் கட்டியிருந்தன. கட்டியவன் முத்லக். முதல் வருஷம் ஒரு நாள் நூஃபா ஒரு முனையை அவிழ்த்துக் கால் கழுவினாள். தண்ணீர் பக்கத்துப் பாதைக்கு ஓடியதைப் பார்த்துவிட்டு, "என் குட்டைத் தண்ணியை ஆத்துக்கா அனுப்பற?" என்று குதித்து, எல்லா முனையையும் கம்பி போட்டு முறுக்கி, இனிமேல் தொடமாட்டேன் என்று அவளிடம் வாக்கும் வாங்கிக்கொண்டான். நாலு வருஷம் அவளும் தொடவில்லை. இப்போது ஒரு முனையை அழுத்திப் பார்த்தாள். உள்ளே சேறு கொழகொழவென்று நகர்ந்தது. அழுகின பாசி நாற்றம் வேறு.

"அட கடவுளே, இதையா அந்தப் பையன் வந்து பாக்கணும்?"

வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு ஆள் வரும்போது அடுப்படி சாக்கடையைக் கழுவிவிடுகிற மாதிரிதான் நினைத்தாள். முத்லக் தரகனைப் பார்க்க அர்தா சந்தைக்குப் போயிருந்தான். மேலே ஓடினாள்.

"அண்ணி, ஒரு மணி நேரம் மோட்டார் போடுங்க. முனையைக் கழுவிட்டுக் கட்டிடறேன். அண்ணன்கிட்ட சொல்லாதீங்க."

ஃபித்தா ரொட்டி மாவுக் கையோடு அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மாவைத் துடைத்துவிட்டுப் போய் மோட்டாரைப் போட்டாள்.

குறடால் கம்பியை அறுத்து நூஃபா ஒவ்வொரு முனையாகத் திறந்தாள். முதலில் கரிப்பசை மாதிரிச் சேறு துப்பியது. பிறகு டீ நிறத்தில் வந்தது. பிறகு கலங்கல். கடைசியில் கண்ணாடியாகத் தெளிந்து பீறிட்டது. முழங்கை வரை சேற்றோடு நாற்பதையும் முடித்தபோது அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. வந்த சேற்றை மண்வெட்டியால் இழுத்து மூடினாள். புதுக் கம்பி போட்டுக் கட்டினாள். தூரத்தில் நின்று பார்த்தாள். கல்யாண வீடு மாதிரி இருந்தது. திருப்தியாகப் போய்ப் படுத்தாள்.

காலையில் எட்டு மணிக்கே தைசீர் வந்துவிட்டான். அதே வெள்ளை ஷூ. கையில் கோடு போட்ட கண்ணாடி அளவுக்குழல், ஒரு கட்டு நூல், நோட்டு.

"நூல் எதுக்கு தம்பி?" என்றாள் நூஃபா.

"சொட்டுற கண்ணுக்கு ரெண்டு பக்கமும் குழாயில கட்டணும்க்கா. இல்லன்னா தண்ணி குழாயை ஒட்டியே நடந்து போயி டப்பாவுக்கு வெளிய விழும். திருட்டுத் தண்ணி."

"திருட்டுத் தண்ணியாம், கேட்டுக்கண்ணே."

"பாத்துக்கிட்டே இரு, இன்னும் ஒரு மணி நேரத்துல யார் திருடன்னு தெரியும்," என்று முத்லக் சிரித்தான். ஆனால் சிரிப்பு அவ்வளவு சுகமில்லை. காலையிலிருந்து நாலாவது சிகரெட். ரொட்டியும் தக்காளி வதக்கலும் தட்டில் அப்படியே கிடந்தன.

நாலு குழாய்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் நாலு இடம்: ஆரம்பத்தில், நடுவில் இரண்டு, கடைசியில். மேலே இரண்டும் முத்லக்கின் நிலம், மூன்றாவது எல்லை, நாலாவது நூஃபாவின் கோடி. ஒவ்வொரு கண்ணுக்கும் அடியில் கையளவு குழி தோண்டி டப்பா உட்கார இடம் பண்ணினார்கள். ஆளுக்கொரு குழாய். டப்பாவை வைத்துக்கொண்டே கீழே நடக்க வேண்டும், பிறகு முதலில் வைத்ததை முதலில் என்று அதே நிதானத்தில் திரும்ப எடுத்துக்கொண்டே வர வேண்டும்.

"நான் விசில் அடிச்சா மொத டப்பா. அரை நிமிஷத்துக்கு ஒரு விசில். ஓடாதீங்க, தாமதிக்காதீங்க."

"கல்யாண ஊர்வலம் மாதிரின்னு சொல்லுங்க," என்றாள் ஃபித்தா.

மோட்டார் உறுமியது. குழாய்கள் வயிறு உப்பி நெளிந்தன. பத்து நிமிஷம் ஓடவிட்டான் தைசீர். முத்லக் ஐந்தாவது சிகரெட்டைப் பற்றவைக்க மறந்து வாயில் வைத்திருந்தான். ரம்ஜான் மாதம் நோன்பு திறக்கப் பள்ளிவாசல் வாங்கு ஓசைக்குக் காத்திருக்கிற மாதிரி நாலு பேரும் நின்றார்கள்.

விசில்!

முதல் டப்பா. நடை. விசில். இரண்டாவது. விசில். மூன்றாவது. விசில். கடைசி டப்பாவைத் தன் நிலத்தின் கோடியில் குழிக்குள் வைத்துவிட்டு நூஃபா காத்திருந்தாள். இங்கே ஒரு துளி விழும், நாலு மூச்சு விட்டால் அடுத்தது விழும். நாலு வருஷமாக அவளுக்குப் பழகிய கணக்கு.

துளி விழுந்தது. உடனே இன்னொன்று. உடனே இன்னொன்று. டப் டப் டப் டப்பென்று மூச்சு விட இடமில்லாமல் விழுந்தது.

நூஃபா மண்டியிட்டாள். டப்பாவில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. விரல் அளவு, இரண்டு விரல் அளவு. பக்கத்துக் கண்ணைப் பார்த்தாள், அதற்கடுத்ததைப் பார்த்தாள். எல்லாச் செடிக்கும் அடியில் மண் கறுத்து ஈரவட்டம் விரிந்துகொண்டே போயிற்று. அவளுக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போலிருந்தது. தண்ணி வருது! என் மிளகாய்க்குத் தண்ணி வருது!

அடுத்த மூச்சில் தலையில் இடி விழுந்தது. நேற்றுக் கழுவினது! குழாயின் தொண்டையில் நாலு வருஷமாக அடைத்துக்கொண்டிருந்ததை அவளே தன் கையால் கழுவித் தள்ளிவிட்டாள். விருந்தாளிக்கு மூஞ்சி காட்டப் போய் சாட்சியைக் கழுவிவிட்டாள். பாழாய்ப் போன சுத்தம்! இப்போது இந்தத் தண்ணீர் அவள் பக்கமே நின்று அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகிறது.

விசில் விசிலாக டப்பாக்களைத் திரும்பச் சேர்த்து எடுத்துக்கொண்டு நடந்தார்கள். நூஃபாவின் தட்டில் நாலு டப்பா. மேலே போகிற வழியில் செடிகள் இடுப்புயரம். யாரும் அவளைப் பார்க்கவில்லை. கடைசி டப்பாவைக் கொஞ்சம் சாய்த்தால் போதும். பாதி தண்ணீர் மண்ணில் போய்விடும், நிலம் அவளுக்கு நின்றுவிடும். கையும் சாய்ந்தது. விளிம்பு வரை தண்ணீர் வந்தும்விட்டது.

முடியவில்லை. நாலு வருஷமாக வராத தண்ணீர் இன்றைக்குத்தான் வந்திருக்கிறது. அதை வரவேயில்லை என்று கொட்டிக்காட்ட அவளுக்கு மனசு வரவில்லை. டப்பாவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கண்ணில் நீர் முட்டியது.

குட்டைக்கரை நிழலில் தைசீர் ஒவ்வொரு டப்பாவாக அளவுக்குழலில் ஊற்றிப் படித்தான். "நூத்தி நாப்பத்தெட்டு. நூத்தி நாப்பது. நூத்தி முப்பத்தெட்டு. நூத்தி இருபத்தாறு." முத்லக் எட்டிப் பார்த்தான். நூற்றி இருபத்தாறு நூஃபாவின் கோடி. அவன் வாயிலிருந்த சிகரெட் கீழே விழுந்தது. "கடைசி டப்பாவா அது? சரியாப் படிங்க இன்ஜினியர்."

"சரியாத்தான் படிக்கறேன்."

பதினாறும் முடிந்தன. இருப்பதிலேயே குறைந்த நாலு: நூற்றிப் பதினெட்டு, நூற்றிப் பதினாறு, நூற்றிப் பதினாலு, நூற்றிப் பன்னிரண்டு. தைசீர் போனில் தட்டினான். "எண்பத்தேழு," என்றான். அவனுக்கே ஆச்சரியம். "இந்தச் சரிவுல, இவ்வளவு பழைய குழாயில எண்பத்தேழு!"

முத்லக் எழும்பிக் குதித்தான். ஐந்து பிள்ளைகளுக்குத் தகப்பன், தொந்தி குலுங்கக் குதித்தான். "எண்பத்தேழு! கேட்டியாடி நூஃபா? எண்பத்தேழு! ஃபித்தா, டீ போடு, சக்கரையை அள்ளிக் கொட்டு! நான் என்ன சொன்னேன்? தண்ணிக்கு ஆளு தெரியாதுன்னு சொன்னேனா இல்லையா?"

ஃபித்தா டீ ஊற்றினாள். நூஃபா தன் டம்ளரை எடுக்கவில்லை. பத்து வருஷம். அதற்கப்புறம் அவளுக்கு ஐம்பத்தொன்று. சொல்லிவிடலாமா? சொன்னால் வாக்கை மீறினவள் என்றும் பேர் வரும். எப்படிப் பார்த்தாலும் நஷ்டம் அவளுக்குத்தான்.

"மோட்டார் மட்டும் கொஞ்சம் சோர்வா இருக்கு போல," என்றான் தைசீர் நோட்டைப் புரட்டிக்கொண்டு. "மொத டப்பாவே நூத்தி நாப்பத்தெட்டுதான்."

முத்லக்குக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் மோட்டாரைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. அதுவும் ஜெயித்த நாளில்.

"என்ன இன்ஜினியர் பேசறீங்க? என் மோட்டாரா சோர்வு? ஞாயித்துக்கிழமை நானே அளந்தேன். இதே டப்பா, இதே எடம். ரெண்டு நிமிஷம் முடியறதுக்குள்ள மொத டப்பா வழிஞ்சு ஓடுச்சு! வழிஞ்சு!"

சொல்லிவிட்டுப் பெருமையாக டீயை உறிஞ்சினான்.

நூஃபா தலையை நிமிர்த்தினாள். ஞாயிற்றுக்கிழமை அவள் கஷாயம் வாங்க ஊருக்குள் போயிருந்தாள்.

"அன்னைக்கு என் பக்கம் எவ்வளவுண்ணே?"

"உன் பக்கமா? உன் பக்கத்தை நான் ஏன் அளக்கறேன்?"

"அளந்தாரு," என்றாள் ஃபித்தா. டீப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அங்கி நுனியில் கையைத் துடைத்துக்கொண்டாள். "பதினாறையும் அளந்தாரு. டப்பாவைப் பிடிச்சது நான்தான். மூணு நாளா இவரு தூங்கல. தூங்கவும் விடல."

"உன்னை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. அதான் நானே சொல்றேன்."

தைசீர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். "ஞாயித்துக்கிழமைக்கும் இன்னைக்கும் நடுவுல என்ன நடந்துச்சு?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? நூஃபா சொன்னாள். நாற்பது முனையும் திறந்ததை, சேறு வந்ததை, விருந்தாளி வருகிறாரே என்று கழுவியதை, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்லத் தைசீருக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தியும் அடக்க முடியாமல் சிரித்தான்.

"அக்கா! எனக்காகவா குழாயைக் கழுவினீங்க? பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா அதைத்தான் செய்யணும்! அதைச் சொல்லத்தான் ஊர் ஊரா அலையறேன்!"

"வாக்கை மீறினா!" என்று முத்லக் எகிறினான். "தொடமாட்டேன்னு சொன்னா, தொட்டுட்டா! அப்புறம் என்ன? எண்பத்தேழு எண்பத்தேழுதான். கை குலுக்கினது குலுக்கினதுதான்."

"குலுக்கினது வியாழக்கிழமை," என்றாள் நூஃபா. "அன்னைக்கு இருந்த குழாய்க்குத்தான் பந்தயம். அந்தக் குழாயை நான் அளக்கல, இன்ஜினியர் அளக்கல. நீ அளந்திருக்க. நீயே சொல்லு. நீ என்ன சொன்னாலும் நான் ஒத்துக்கறேன். எண்பதுக்கு மேலன்னு சொல்லு, இப்பவே நிலத்தை எடுத்துக்க."

தைசீர் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினான். மேலே ஞாயிற்றுக்கிழமை என்று எழுதி அடிக்கோடு போட்டான். பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

முத்லக் குட்டையைப் பார்த்தான், மோட்டாரைப் பார்த்தான், கீழ்வயலைப் பார்த்தான். பொய் சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் முன்னால் விருந்தாளி உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் டப்பா பிடித்த பெண்டாட்டி நிற்கிறாள், எதிரில் நீ சொல்வதுதான் கணக்கு என்று தங்கை நிற்கிறாள். கழுத்தைச் சொறிந்தான். துண்டால் முகத்தைத் துடைத்தான்.

"மொத டப்பா," என்றான் கடைசியில், "வழிஞ்சுது. இருநூறு போட்டுக்க."

"சரி. ரெண்டாவது?"

"நூத்தி எம்பது."

"மூணாவது? எல்லைகிட்ட."

"அறுபது."

"கடைசி?"

"கடைசி... அடி நனைஞ்சுது."

"அடி நனைஞ்சுதுன்னு எழுத முடியாதுண்ணே. நம்பர் வேணும்."

"பத்து."

ஃபித்தா தொண்டையைச் செருமினாள்.

"எட்டு," என்றான் முத்லக். "எட்டுன்னு எழுது. மிச்ச மூணு குழாயும் அதே லட்சணம்தான், எழுத வேணாம். நிலம் அவளோடது."